"விடு" என்றால் விடாத நாய்க்கு மார்க் கிடையாது!

சென்னை ஆயிரம்விளக்கில் உள்ள மாநகராட்சி பூங்கா. 2024 மே மாதம். காவலாளியின் மகள், 5 வயது சிறுமி. அவளை 2 ராட்வீலர் நாய்கள் கடித்துக் குதறின.

ஊரே பதறியது. நாயின் சொந்தக்காரர் கைதானார். "அந்த ஜாதி நாயே ஊருக்குள்ள இருக்கக்கூடாது" என்று டீக்கடை வரை பேச்சு.

அதற்கு 2 மாதம் முன்புதான், மார்ச்சில், 23 வகை நாய்களைத் தடை செய்யச் சொல்லி மத்திய அரசு மாநிலங்களுக்குக் கடிதம் போட்டிருந்தது. அந்தப் பட்டியலில் ராட்வீலரும் உண்டு. ஏப்ரலில் கர்நாடக ஐகோர்ட்டு அந்தக் கடிதத்தை ரத்து செய்துவிட்டது.

தடை வேண்டுமா, வேண்டாமா என்பதை கோர்ட்டு பார்த்துக்கொள்ளும். இந்த நாய் பிறந்த ஊரில் என்ன செய்கிறார்கள்? அதைக் கொஞ்சம் பார்க்க வேண்டாமா?

மைதானத்தில் பரிட்சை

ராட்வீல் என்பது ஜெர்மனியில் ஒரு ஊர். கசாப்புக்கடைக்காரர்களின் மாட்டை ஓட்டிப்போன நாய்தான் ராட்வீலர். பிறகு போலீசில் சேர்ந்தது. நம்மவர்கள் அல்சேஷன் என்கிற நாயும் அந்த நாட்டுச் சரக்குதான். ஸ்டெபானிட்ஸ் என்ற குதிரைப்படை அதிகாரி 1899-ல் அதற்கு சங்கம் வைத்தார். நாய்க்கு அழகைவிட வேலைதான் பெரிது என்பது அவர் கட்சி.

அந்த வழியில் வந்த பரிட்சைக்கு "ஷூட்சுண்ட்" என்று பெயர். காவல் நாய் என்று அர்த்தம். 2019 முதல் ஐ.ஜி.பி. என்கிறார்கள். நம்ம பையன்கள் ஞாயிற்றுக்கிழமை மட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிற மாதிரி, அங்கே நாயோடு மைதானத்துக்குக் கிளம்புகிறார்கள்.

மோப்பத்துக்கு 100, கீழ்ப்படிதலுக்கு 100, காவலுக்கு 100. மொத்தம் 300 மார்க். ஒவ்வொன்றிலும் 70 எடுத்தால்தான் பாஸ்!

மோப்பம் லேசு இல்லை. மேல் வகுப்பில், முன்பின் தெரியாத ஆள் 600 எட்டு நடந்து போன தடத்தை ஒரு மணி நேரம் கழித்து மோந்து போகவேண்டும். வழியில் அவர் போட்ட 3 பொருளையும் காட்டிக்கொடுக்க வேண்டும்.

காவல் பரிட்சைதான் பார்க்க வேண்டியது. மைதானத்தில் 6 மறைப்பு. ஒன்றில் ஒரு ஆள் ஒளிந்திருப்பார். கையில் தடித்த உறை. நாய் தேடிக் கண்டுபிடிக்கும். அவர் ஆடாமல் நின்றால் குரைக்கலாம், பல் படக்கூடாது. ஓடினாலோ, அடிக்க வந்தாலோ உறையைக் கவ்வலாம்.

அவர் அசையாமல் நின்றதும் எஜமான் "அவுஸ்" என்பார். நம்ம பாஷையில் "விடு". ஒரே சொல்லில் விட்டால் நல்ல மார்க். மேலும் 2 தடவை சொல்லியும் விடவில்லையா? நாய் போட்டியில் இருந்தே அவுட்! மோப்பத்தில் நூற்றுக்கு நூறு வாங்கியிருந்தாலும் செல்லாது.

எஜமானுக்கும் உண்டு!

இதற்கெல்லாம் முன்னால் ஒரு சின்னப் பரிட்சை இருக்கிறது. சைக்கிள் போகும், கார் போகும், ஆட்கள் ஓடுவார்கள். நடுவே நாய் சும்மா நடக்கணும். கட்டிப்போட்டு எஜமான் மறைந்து போனாலும் பக்கத்தில் போகிற நாய் மேலே பாயக்கூடாது. முதல் தடவை வருகிற எஜமானுக்கு எழுத்துப் பரிட்சையும் உண்டு. ஆமாம், மனுஷனுக்கு!

அங்கேயும் எல்லாம் ஒழுங்கு என்று நம்பிவிட வேண்டாம். கழுத்தில் முள் பட்டை மாட்டி, வலிக்க வைத்துப் பழக்கியவர்கள் உண்டு. 2022-ல் ஜெர்மன் அரசு பயிற்சியில் முள் பட்டைக்குத் தடை போட்டது. வேண்டியதுதான்.

நம்ம ஊர் கதை என்ன? இந்திய கென்னல் கிளப்பின் தலைமையகமே சென்னையில்தான் இருக்கிறது. போலீஸ் நாய்களுக்கு அகில இந்திய அளவில் போட்டி நடக்கிறது. வீட்டு நாய்க்கோ, வெறிநாய்க்கடி ஊசி போட்ட சர்டிபிகேட்டைக் காட்டி லைசென்ஸ் வாங்க வேண்டும். சொன்ன சொல்லை அது கேட்குமா?

இதில் சில வீடுகளில் சாக்கைக் காட்டி "பிடி, பிடி" என்று உசுப்பிவிடுகிறார்கள். அதற்குப் பெயர் பயிற்சியாம்! பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவர் விடச் சொல்லிக் கொடுக்கவில்லை. பாதிப் பாடம் படித்த அந்த நாய், ஒன்றுமே படிக்காத நாயைவிட ஆபத்து.

உறையைக் கடிக்கிற பந்தயம் இங்கே உடனே வேண்டாம். அந்தச் சின்னப் பரிட்சை போதும். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு மாநகராட்சி மைதானம். மார்க் போட ஒரு கால்நடை டாக்டர், போலீஸ் நாய்ப்படையில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர். பெரிய ஜாதி நாய் வைத்திருக்கிறவர் நாயோடு வந்து நடந்து காட்டட்டும். தேறாவிட்டால் பழக்கிவிட்டு அடுத்த மாதம் வரட்டும். அதுவரை நாய்க்கு வாய்க்கூடு, தெருவில் தனியே விடக்கூடாது.

செலவுக்கு மாநகராட்சி கஜானாவைத் தொடவேண்டாம். பல ஆயிரம் கொட்டி குட்டி வாங்கி, தினமும் கறி போடுகிறவர் பரிட்சைக் கட்டணம் கட்டமாட்டாரா என்ன?