மாதா காட்சி: வாடிகன் சொல்வது என்ன?

பால்காரச் சிறுவன் குளக்கரை ஆலமரத்தடியில் களைப்பாறினான். கைக்குழந்தையுடன் ஒரு பெண் தோன்றினாள். "குழந்தைக்குப் பால் கொடு" என்றாள். கொடுத்தான். எசமானர் வீட்டில் போய்ப் பார்த்தால், குறைந்த குடம் நிரம்பி வழிந்தது!

16-ம் நூற்றாண்டில் வேளாங்கண்ணியில் நடந்ததாகச் சொல்லப்படும் கதை இது.

உண்மையில் நடந்ததா? 2024 மே மாதம் வாடிகன் வெளியிட்ட புது விதிகள் அந்தக் கேள்வியையே ஒதுக்கி வைத்து விட்டன. காட்சிகளை "தெய்வச் செயல்" என்று இனி சாதாரணமாக அறிவிக்க மாட்டார்கள். காட்சி கண்டவர் பொய் சொல்கிறாரா, பணம் பார்க்கிறாரா, வருகிறவர்களுக்கு நன்மை உண்டா என்று விசாரிப்பார்கள். 6 வகை முடிவுகளில் "தடை இல்லை" என்பதே மேலானது.

அதே ஆண்டு ஆகஸ்டு 1-ந் தேதி, தஞ்சாவூர் ஆயருக்கு வாடிகன் கடிதம் எழுதியது. வேளாங்கண்ணி பக்தியைப் பாராட்டியது. மற்ற மதத்தாரும் அங்கே ஆறுதல் பெறுவதை நல்லதாகவே சொன்னது. நம் ஊர்க்காரர்களுக்கு இது புதுச் செய்தியா என்ன!

சிவகாசியில்...

பட்டாசு ஊரில் "அதிசயம்" என்பது லேசான சொல் அல்ல. 2012 செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டியில் ஆலை வெடித்தது. மாதா திருநாளுக்கு மூன்றே நாள் இருந்தது. 30-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களில் பலர், தீயைக் கண்டு உதவ ஓடி வந்தவர்கள்.

தப்பியவர் "மாதா காத்தாள்" என்று மெழுகுவர்த்தி ஏற்றலாம். யாரும் தடுக்க முடியாது. உதவப் போனவனைப் பறிகொடுத்த வீட்டில் அதே சொல் எப்படிக் கேட்கும்? வாடிகனின் 6 வகைகளில் அதற்கு இடம் இல்லை.