மொகல் தெருவின் ஐந்தொகை

வணிக மேலாண்மை படிக்கிற மாணவனின் பாடநூலைப் புரட்டினால் ஆரம்பத்திலேயே இரண்டு பேர் வந்து நிற்பார்கள். 1911-இல் அறிவியல் மேலாண்மை பற்றிப் புத்தகம் போட்ட அமெரிக்கர் டெய்லர் ஒருவர். 1916-இல் நிர்வாகத்துக்குப் பதினான்கு கோட்பாடுகள் வகுத்த பிரெஞ்சுக்காரர் ஃபேயோல் இன்னொருவர். இருவரும் படிக்க வேண்டியவர்கள்தான். ஆனால் அதே ஆண்டுகளில் ரங்கூன் மொகல் தெருவில் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கடல் தாண்டிய ஒரு பெருந்தொழிலை நடத்திக்கொண்டிருந்த நகரத்தார் எனப்படும் செட்டியார்கள் நம் மாணவர்களின் கண்ணில் படுவதே இல்லை. ஊர்ப்பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. அத்தனை ஒழுங்காக நடந்த தொழில் எப்படி விழுந்தது என்பதற்காகவே அவர்களைப் படிக்க வேண்டும்.

அவர்கள் தொழில் செய்த இடத்துக்குக் கிட்டங்கி என்று பெயர். ஒரு நீண்ட கூடம். சுவரோரமாக ஆளுக்கொரு பாய். பணம் வைக்கவும் எழுதவும் ஒரு மரப்பெட்டி. பக்கத்தில் ஓர் அலமாரி. ஒரு வட்டிக்கடைக்கு அவ்வளவு போதும். அடுத்த பாயில் வேறொரு விலாசம், வேறொரு முதலாளி. பகலில் கடையாக இருக்கும் இடமே இரவில் படுக்கை. சமையல் பொது. சிங்கப்பூர் மார்க்கெட் தெருவிலும் பினாங்கிலும் இதே ஏற்பாடுதான். இன்றைக்கு இதற்குக் கோ-வொர்க்கிங் என்று பெயர் வைத்து, கண்ணாடித் தடுப்பு போட்டு, மாத வாடகை வாங்குகிறார்கள்.

அந்தப் பாய்க்கு ஒருவன் சும்மா வந்து உட்கார்ந்துவிட முடியாது. முந்திரி, காணி, மா, வீசம் என்று கீழ்வாய் இலக்கத்தை மனப்பாடம் செய்து, முந்நூற்றிருபதில் ஒரு பங்கு வரை மனக்கணக்காகவே வட்டி போடத் தெரிந்த பிறகுதான் பெட்டியடிப் பையனாகக் கப்பல் ஏறுவான். பெட்டியைத் துடைப்பது, கடிதம் கொண்டுபோவது, பெரியவர்கள் பேசுவதைக் காதில் வாங்குவது அவன் வேலை. பிறகு அடுத்தாள். அதற்கும் பிறகு மேலாள், அதாவது கடையின் ஏஜெண்டு. முதலாளியின் மகனே ஆனாலும் இன்னொருவர் கடையில் வேலை பழகி வருவது வழக்கத்தில் இருந்தது.

இதில் எனக்கு வியப்பான இடம் மேலாளின் மூன்றாண்டுக் கணக்கு. முதலாளி காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ இருப்பார். லட்சக்கணக்கில் பணம் புழங்கும் கடை பர்மாவின் ஏதோ ஒரு சந்தை ஊரில் இருக்கும். கடிதம் போய்ச் சேரவே நாளாகும். கண்ணுக்கெட்டாத இடத்தில் அடுத்தவர் பணத்தைக் கையாள்கிறவனை எப்படி நம்புவது? மேலாண்மைப் பேராசிரியர்கள் இதை முகவர் சிக்கல் என்று சொல்லி இரண்டு வாரம் பாடம் நடத்துவார்கள். நகரத்தாரிடம் இருந்தது ஒரு சம்பளச் சீட்டு. தவணை மூன்று ஆண்டு. சம்பளத்தில் ஒரு பகுதி முன்பணமாகவே குடும்பத்துக்குப் போய்விடும். தவணை முடிந்து ஊர் திரும்பிக் கணக்கு ஒப்படைத்த பிறகுதான் லாபத்தில் பங்கு. மனைவி மக்கள் ஊரில்தான் இருப்பார்கள். அவன் கொடுத்த கடனையெல்லாம் அடுத்து வருகிற மேலாள் வசூலிக்க வேண்டும் என்பதால், கைமாறும்போதே ஒவ்வொரு பற்றும் தோண்டித் துருவப்படும். தனியாக ஒரு தணிக்கையாளர் எதற்கு? ஏமாற்றியவன் பெயர் நகரத்தாரின் ஒன்பது கோயில் பங்காளிகளுக்கும் தெரிந்துவிடும். பிறகு அவனுக்கு வேலையும் கிடைக்காது, அவன் வீட்டில் பெண் எடுப்பாரும் இருக்கமாட்டார்கள்.

முதல் திரட்டியதிலும் இதே கட்டுக்கோப்புதான். சொந்தப் பணம், உறவினரின் வைப்பு, பெண்களின் சீதனப் பணம், கோயில் பணம் எல்லாம் பேரேட்டில் தனித்தனித் தலைப்பில் ஏறும். ஒரு கடைக்குத் திடீரென்று பணம் தேவைப்பட்டால் பக்கத்துக் கடை கொடுக்கும். அதற்கான நடப்பு வட்டியை மாதந்தோறும் ரங்கூன் கோயிலில் கூடி முடிவு செய்தார்கள். இன்று மத்திய வங்கி செய்கிற வேலையில் ஒரு சிறு பகுதி அப்போது முருகன் சந்நிதியில் நடந்தது.

அவர்களுக்குக் களம் அமைத்துக் கொடுத்தவை இரண்டு. 1852-இல் ஆங்கிலேயர் கீழ் பர்மாவைப் பிடித்தார்கள். 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்து, அரிசிக்கு ஐரோப்பியச் சந்தை பக்கத்தில் வந்தது. எட்டு லட்சம் ஏக்கர் அளவில் இருந்த ஐராவதிச் சமவெளியின் நெல் சாகுபடி 1930-களில் எண்பது லட்சத்தைத் தாண்டியது. காட்டை அழித்து நிலம் திருத்த உழவனுக்குப் பணம் வேண்டும்; ஆங்கில வங்கிகள் துறைமுக நகரங்களைத் தாண்டி உழவனிடம் வரவில்லை. செட்டியார் சந்தை ஊர்களுக்கே போனார். 1929-30-இல் பர்மா வங்கித்துறை விசாரணைக் குழு எண்ணிப் பார்த்தபோது சுமார் 1,650 நகரத்தார் கடைகள் இருந்தன. கீழ் பர்மாவின் குடியிருப்புப் பகுதிகளில் அநேகமாக எந்த உழவனும் ஒரு நாள் பயணத்தில் ஒரு செட்டியாரை அடையலாம் என்று அது பதிவு செய்தது. புழங்கிய முதலை 75 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. வட்டியும் உள்ளூர் லேவாதேவிக்காரர் வாங்கியதைவிடக் குறைவு. சந்தையியலில் ‘இடம்’ என்ற ஒரு சொல்லை விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

அடுத்த ஆண்டே நெல் விலை பாதியாகச் சரிந்தது.

உழவனால் வட்டி கட்ட முடியவில்லை. ஈடாக எழுதிக் கொடுத்த நிலம் கடைக்காரர் கைக்கு வந்தது. 1930-இல் கீழ் பர்மாவில் நகரத்தாரிடம் இருந்த நிலம் சுமார் 5.7 லட்சம் ஏக்கர். 1937-இல் 24 லட்சத்துக்கு மேல். மொத்தச் சாகுபடி நிலத்தில் கால் பங்கு. வெளியிலிருந்து பார்த்தவனுக்குச் செட்டியார் நாட்டையே வாங்கிவிட்டார் என்று தோன்றியது. ஏட்டில் அது கடன் என்ற தலைப்பிலிருந்து நிலம் என்ற தலைப்புக்கு மாறிய தொகை, அவ்வளவே. அந்த நிலத்தை வாங்க ஆள் இல்லை. வைப்புப் போட்டவர்களோ ரொக்கம் கேட்டார்கள்.

கடைகளின் இருப்புக் கணக்கான ஐந்தொகை ஒரு முந்திரிகூடத் தவறியிருக்காது. ஆனால் 1,650 கடைகளில் பெரும்பாலானவற்றின் பற்றுகள் அனைத்தும் ஒரே பயிரின் விலையில் தொங்கிக்கொண்டிருந்தன என்பதைக் காட்ட அதில் பத்தி கிடையாது. ஒரு கடை தடுமாறினால் பக்கத்துக் கடை தாங்கும் என்ற ஏற்பாடு, எல்லாக் கடையும் ஒரே நாளில் தடுமாறும்போது எதற்கு உதவும்? நம்பிக்கையால் கட்டிய வலை ஆபத்தையும் அதே வேகத்தில் கடத்தியது. 2008-இல் நியூயார்க்கின் பெரிய வங்கிகளுக்கு நேர்ந்ததும் ஏறக்குறைய இதுதான். அவர்களிடம் கணினி இருந்தது.

பர்மிய உழவனின் பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் இந்தக் கணக்கு கள்ளக்கணக்கு. தலைமுறை உழைத்துத் திருத்திய நிலத்தில் அவன் குத்தகைக்காரன் ஆனான். விலை சரிந்தது நியூயார்க்கிலும் லண்டனிலும் நடந்த காரியங்களால். அவன் கண்முன் இருந்த முகமோ செட்டியாருடையது. சட்டப்படி ஈட்டை எடுப்பது உரிமைதான். ஆனால் வாடிக்கையாளர் எல்லாரையும் ஒருசேரப் பகைத்துக்கொண்டு ஓர் அந்நிய மண்ணில் எத்தனை நாள் கடை நடத்த முடியும் என்று அந்தக் கிட்டங்கிகளில் போதுமான அளவு பேசப்படவில்லை என்றே நினைக்கிறேன். 1942-இல் ஜப்பானியப் படை வந்தது. விடுதலை பெற்ற பர்மா 1948-இல் நில தேசியமயச் சட்டம் கொண்டுவந்தது.

முன்கூட்டியே கணக்கைப் புரிந்துகொண்டவர்களும் உண்டு. 1900-இல் பர்மாவில் வட்டிக்கடை தொடங்கிய அ.மு. முருகப்பச் செட்டியார் போருக்கு முன்பே முதலைத் தாயகத்துக்குத் திருப்பினார். 1949-இல் அந்தக் குடும்பம் அம்பத்தூரில் சைக்கிள் செய்யத் தொடங்கியது. எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரியில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைக் காரைக்குடி, சென்னை, ரங்கூன் என மூன்று ஊரில் ஒரே நேரத்தில் திறந்தார். பெட்டியடியில் கற்ற தொழில்தான். ஒரே வயலில் எல்லா விதையையும் தூவாமல் தப்பித்தார்கள்.

செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் பல இப்போது பூட்டிக் கிடக்கின்றன. சில விற்கப்பட்டுத் தூண்களும் கதவுகளும் கடைத்தெருவுக்கு வருகின்றன. அவற்றோடு பழைய பேரேடோ சம்பளச் சீட்டோ கிடைத்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பக்கத்துக் கல்லூரியின் வணிகவியல் துறையில் கொண்டுபோய்க் கொடுங்கள். பையன்கள் படிக்கட்டும்.