பணம் கேட்பவரும் குருதி கேட்பவரும்



தேவாரப் புத்தகத்தில் வரியின் நடுவிலுள்ள எழுத்துகள் மட்டும் கலங்கித் தெரிகின்றன என்று எம் முதியோர் சிலர் என்னிடம் கூறுவதுண்டு. கண்புரை எனின் சத்திர சிகிச்சையால் நீக்கலாம். விழித்திரையின் மையமாகிய மக்குலா முதுமையிற் சிதைந்தால் நிலைமை வேறு. அதன் ஈரவகைக்குக் கண்ணினுள் ஏற்றும் ஊசிமருந்து உண்டு. உலர்வகையில் இழந்த பார்வையை மீட்டுத்தரும் மருந்து இன்னும் இல்லை. நோயுற்ற கலங்களை உயிருள்ளவரின் கண்ணிலிருந்து வெட்டியெடுத்து ஆராய இயலாது. ஆய்வுகூட எலிக்கோ மக்குலாவே இல்லை.

ஜப்பானியப் பேராசிரியர் ஷின்யா யமனாக்கா இதற்கு வழி திறந்தார். நான்கு மரபணுக்களைச் செலுத்தி, 2006இல் எலியின் கலத்தையும் 2007இல் மனிதத் தோற்கலத்தையும் ஸ்டெம் செல் எனப்படும் மூலக்கலமாக மாற்றினார். 2012இல் நோபல் பரிசு பெற்றார். இதற்குக் கரு எதுவும் தேவையில்லை. இன்று நோயாளியின் தோல் அல்லது குருதியிலிருந்து விழித்திரையின் நிறமிக் கலங்களை வளர்த்து, நலமுள்ளவரின் கலங்களோடு ஒப்பிட்டு, மருந்துகளைச் சோதிக்கின்றனர். குறையும் உண்டு. மூலக்கலமாகும்போது வயதின் அடையாளங்கள் பெரும்பாலும் அழிந்துவிடுவதால், முதுமை நோயை இளங்கலத்தில் தேட வேண்டியிருக்கிறது.

சிகிச்சையோ இன்னும் ஆரம்பப் படியிலேயே நிற்கிறது. 2014இல் கோபே நகரில் ஒரு மூதாட்டிக்கு அவருடைய கலங்களிலிருந்தே வளர்த்த படலம் பொருத்தப்பட்டது. ஓராண்டின் பின் பார்வை கூடவுமில்லை, குறையவுமில்லை என 2017இல் அறிவித்தனர். அதே மருத்துவ இதழில், அமெரிக்காவின் புளோரிடாவில் பணம் கட்டி, தம் கொழுப்பிலிருந்து எடுத்த "ஸ்டெம் செல்"லை இரு கண்களிலும் ஏற்றிக்கொண்ட மூன்று பெண்கள் பார்வையைப் பறிகொடுத்த செய்தியும் வெளியாயிற்று.

ஆகவே என் கருத்து இதுதான்: ஸ்டெம் செல்லாற் கண்ணைக் குணமாக்குவோம் என்று பணம் கேட்பவரை நம்பாதீர்கள். நெறிமுறைக் குழுவின் அனுமதியுடன், ஆய்வுக்காகச் சிறிது குருதி கேட்பவரை உடனே மறுத்துவிடாதீர்கள். சேமிப்பிலுள்ள இத்தகைய கலங்களிற் பெரும்பாலானவை ஐரோப்பிய வம்சாவளியினருடையவை. நாம் ஒதுங்கி நின்றால் எம்மவரின் கலங்களிற் சோதிக்கப்படாத மருந்தே எமக்கு வந்து சேரும். மரபணு விபரம் எவர் கையில் இருக்கும், இடையில் விலகலாமா என்று கேட்டறிந்த பின்னரே ஒப்பமிடுங்கள். கொடுப்பவரின் கண் அதனாற் தெளியப்போவதில்லை. பலன் பேரப்பிள்ளைகளின் காலத்தில் வரலாம். பலன் கருதாது கொடுப்பதைத்தானே நாம் தானம் என்கிறோம்?

புகைப்பவர்கள் அதனை இன்றே விடுங்கள். மக்குலாவைக் கெடுப்பதில் புகைக்குப் பெரும்பங்கு உண்டு. நேர்கோடுகள் வளைந்து தெரிந்தால் அடுத்த திருவிழா வரை காத்திராமல் உடனே கண் வைத்தியரிடம் செல்லுங்கள்.