உதிரிபாகக் கடைக்கும் அனுப்புங்கள்

ஆசிரியருக்கு,

ஐ.டி.ஐ. மாணவர்களுக்குப் பட்டறைப் பயிற்சி அவசியம் என்ற தங்கள் கட்டுரை சரியே. ஆனால் உதிரிபாகக் கடைகளை மறந்துவிட்டீர்கள். நான் அத்தகைய கடை நடத்துபவன். ஒரே பெயருள்ள பைக்கானாலும், 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 மாசு விதி வந்தபின் பல பாகங்கள் மாறிவிட்டன. முன்பு கார்புரேட்டர், இப்போது பெரும்பாலும் இன்ஜெக்டர். எந்த வருட வண்டி என்று கேட்காமல் எடுத்துக் கொடுக்கும் பையனால் மறுநாளே பொருள் திரும்பி வருகிறது. பார்ட் நம்பர் சரிபார்ப்பது, இருப்புக் கணக்கு, ஜி.எஸ்.டி. பில், அவசரத்தில் கத்தும் மெக்கானிக்கிடம் நிதானமாகப் பேசுவது (இதுதான் கடைசியில் வரும்!) எல்லாம் கடையில் நின்றால்தான் படியும். மோட்டார் மெக்கானிக் பிரிவின் 2 ஆண்டுப் படிப்பில் ஒரு மாதமாவது மாணவர்களை எங்களிடம் அனுப்ப அரசு ஏற்பாடு செய்ய வேண்டும்.

– ஒரு வாசகர், ஈரோடு