ஆறாத புண்ணும் பச்சிலையும்

போன வாரம் சோளக்காட்டில் பழைய மாணவர் ஒருவரைப் பார்த்தேன். இப்போது அவருக்கே பேரன் இருக்கிறான். வலது கால் பெருவிரலில் வேட்டித் துணியைக் கிழித்துச் சுற்றியிருந்தார். என்னப்பா இது என்றேன்.

"ஒண்ணுமில்லீங்க சார், செருப்பு கடிச்சிருச்சு. வெட்டுக்காயப் பூண்டு கசக்கி வச்சிருக்கேன். ஆறிடும்."

"எத்தனை நாளாச்சு?"

"பொங்கலுக்கு முன்னாடிங்க."

பங்குனியும் முடியப்போகிறது. வலிக்கிறதா என்று கேட்டேன். "வலியே இல்லீங்க சார்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் எனக்குப் பயம் வந்தது. என் அண்ணனும் இதே வார்த்தையைத்தான் சொன்னார்.

நான் பச்சிலைக்கு எதிரி அல்ல. கொல்லிமலையில் பிறந்துவிட்டு அப்படி இருக்க முடியாது. மிளகுக் கொடி கவாத்து செய்யும்போது அரிவாள் பட்டால் இன்றைக்கும் என் கை முதலில் வெட்டுக்காயப் பூண்டைத்தான் தேடும். புதுக் காயம், நல்ல ரத்த ஓட்டம், திடமான உடம்பு. அது ஆறிவிடும். இலை வைக்காவிட்டாலும் ஆறியிருக்கும் என்பதை நாம் சொல்லிக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

ஆனால் இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண் வேறு ஜாதி. தோலுக்கு உள்ளே ஏதோ ஒன்று அதை ஆறவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது. சர்க்கரையாக இருக்கலாம், ரத்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம், நரம்பு மரத்துப்போனதாக இருக்கலாம். சில சமயம் புண்ணே புற்றாக மாறியிருக்கும். மேலே எந்த இலையை வைத்தாலும் உள்ளே இருக்கும் காரணம் அப்படியேதான் இருக்கும்.

அண்ணனுக்கு உள்ளங்காலில் ஒரு காய்ப்பு. அதன் அடியில் புண். மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் போட்டார். பிறகு குப்பைமேனிச் சாறு. பிறகு யாரோ சொன்னார்கள் என்று மலைத்தேன். நான்கு மாதம் ஓடியது. கீழே இறங்க வேண்டுமென்றால் காரவல்லி வரை 70 கொண்டை ஊசி வளைவு, ஒரு நாள் வேலை போகும், பஸ்ஸில் தலை சுற்றும். "வலிக்கலையே, எதுக்கு?" என்பார். ஒரு நாள் காய்ச்சல் வந்து தூக்கிக்கொண்டு இறங்கியபோது சர்க்கரை 400ஐத் தாண்டியிருந்தது. மூன்று விரலை எடுத்தார்கள், பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அதற்குப் பிறகு அவர் இரண்டு வருடம் இருந்தார். அவருக்குத் தேன் வாங்கிக் கொடுத்தவன் நான்தான். இதை இதற்குமுன் எழுதியதில்லை.

வலி இல்லாததுதான் ஆபத்து என்பதை நம் ஊர்ப் பக்கத்திலேயே ஒருவர் காட்டியிருக்கிறார். 1946ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட். தொழுநோயாளிகளின் பாதப் புண் ஆறவே ஆறாது, நோய் சதையைத் தின்கிறது என்று எல்லோரும் நம்பிய காலம். அவர் பார்த்தது வேறு. உணர்வு போன பாதத்தை ஊன்றி ஊன்றி நடப்பதால்தான் புண் ஆறவில்லை. மாவுக்கட்டுப் போட்டுப் பாதத்துக்கு ஓய்வு கொடுத்தபோது அதே புண்கள் ஆறின. புண்ணின்மேல் பாரம் விழாமல் பார்த்துக்கொள்வதைவிட இயற்கையான வைத்தியம் எனக்குத் தெரிந்து இல்லை.

என் கதையும் உண்டு. முப்பத்து மூன்று வருடம் கரும்பலகை முன் நின்ற கால் இது. நரம்பு முடிச்சிட்டு, உள்கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்து, அரித்து, சொறிந்த இடம் புண்ணாகி ஒன்பது மாதம் நீர் வடிந்தது. அண்ணனைப் பார்த்த பயத்தில் உடனே இறங்கினேன். பாதத்தில் நாடி சரியாக ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு, விரல் அடியிலிருந்து முழங்கால் கீழ்வரை அழுத்தமாகக் கட்டுப் போடக் கற்றுக்கொடுத்தார்கள். ரத்தக்குழாய் அடைத்த கால் என்றால் இந்தக் கட்டே விரலைக் கறுக்க வைத்துவிடும், பீடி பிடித்தவர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். படுக்கும்போது நெஞ்சுக்கு மேலே இருக்கும்படி காலைத் தலையணையில் தூக்கி வைத்தேன். மிச்சமெல்லாம் வீட்டு வேலைதான். கொதித்து ஆறிய நீரில் கழுவுவது, துவைத்து வெயிலில் உலர்த்திய கட்டு, நாள் தவறாமல்.

காற்றுப் பட்டுக் காய்ந்தால்தான் புண் ஆறும் என்று நம் அம்மாக்கள் சொல்வார்கள். அது சரியில்லை என்று ஜார்ஜ் வின்டர் 1962லேயே காட்டிவிட்டார். மூடி ஈரப்பதமாக வைத்த காயத்தில்தான் தோல் வேகமாக வளரும். டெட்டாலும் ஸ்பிரிட்டும் புண்ணுக்குள் ஊற்ற வேண்டியவை அல்ல.

இன்னொரு மூடநம்பிக்கை, முட்டை தின்றால் சீழ் பிடிக்கும் என்பது. கீழே நாமக்கல் முட்டை ஊரெல்லாம் போகிறது, மேலே புண்ணோடு கிடப்பவர் ரசஞ்சாதம் சாப்பிடுகிறார்! சதை வளரப் புரதம் வேண்டாமா?

இலைக்கு இடமே இல்லையா என்றால், உண்டு. மும்பை சயான் மருத்துவமனையில் டாக்டர் மாதுரி கோரே குழுவினர் தீக்காயத்துக்கு வாழை இலைக் கட்டைப் பயன்படுத்தி 2003ல் கட்டுரை எழுதினார்கள். ஒட்டாது, பிரிக்கும்போது வலிக்காது, செலவும் குறைவு. ஆனால் அது கிருமி நீக்கிய இலை, தோட்டத்தில் கிள்ளியது அல்ல. தேனும் அப்படித்தான். ஆஸ்பத்திரியில் புண்ணுக்கு வைப்பது கிருமி நீக்கிய தேன். சித்தப் பிரிவில் தரும் மத்தன் தைலத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஊமத்தை இலைச்சாறு, தேங்காய் எண்ணெய், மயில்துத்தம் சேர்த்து முறையாகக் காய்ச்சியது அது. அதைத் தரும் சித்த மருத்துவரும் முதலில் சர்க்கரையைத்தான் பார்க்கச் சொல்வார்.

2021லிருந்து மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து சர்க்கரை பார்க்கிறார்கள். என் மாணவர் அவர்கள் வந்த அன்று மரவள்ளிக் காட்டில் இருந்தாராம். நேற்று அவர் வீட்டுக்குப் போய்த் துணியைப் பிரிக்கச் சொன்னேன். வாடை வந்தது. அவர் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாளைக் காலை முதல் பஸ்ஸில் இறங்குகிறோம். செம்மேட்டில் ஏறுவதாகச் சொல்லியிருக்கிறார். ஆறு மணிக்கு வரவில்லை என்றால் நான் போய் எழுப்புவேன்.