மலைப்பாதைக்கு யார் வண்டி வரைவது?

ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் 9,000 கோடி ரூபாய் முதலீட்டில் அமையும் டாடா மோட்டார்ஸ் ஆலைக்கு 2024 செப்டம்பர் 28 அன்று அடிக்கல் நாட்டியபோது, ஜாகுவார் லேண்ட் ரோவர் கார்கள் இனி நம்மூரிலேயே தயாராகும் என்று பெருமைப்பட்டோம். வேலைவாய்ப்பைப் பொறுத்தவரை அந்தப் பெருமை நியாயமானதே. ஜாகுவார் லேண்ட் ரோவரின் சிறிய சொகுசு கிராஸ்ஓவரான ரேஞ்ச் ரோவர் இவோக், 2011-ல் லிவர்பூல் அருகே ஹேல்வுட் ஆலையில் உற்பத்திக்கு வந்தது. மேலை நாட்டு நகரவாசியை மனத்தில் வைத்து வரைந்த வண்டி அது. பின்னோக்கிச் சரியும் கூரை, ஒடுங்கிய பின்கண்ணாடி, ஐந்து பேருக்கு இடம். யார் வாங்குவார்களோ அவர்களுக்காகத்தானே வரைவார்கள்? அதில் குற்றமில்லை. வாங்க முடியாதவர்கள் தினமும் போய்வரும் பாதைக்கு ஏன் யாரும் வண்டி வரைவதில்லை என்பதே என் கேள்வி.

தேனி-இடுக்கி எல்லையைப் பாருங்கள். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாகத் தோட்டத் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், காலையில் ஜீப்பில் மலையேறி ஏலத்தோட்டங்களுக்குப் போய் மாலையில் இறங்குகிறார்கள். போடிமெட்டுப் பாதையில் மட்டும் 17 கொண்டை ஊசி வளைவுகள். பழைய ஜீப்புகளில் பின்னால் எதிரெதிர் பெஞ்சு, பெல்ட் கிடையாது, அளவுக்கு மீறிய ஆட்கள். பாலக்காட்டுப் பக்கம் கதை கொஞ்சம் வேறு. வாளையாரில் நுழையும் நான்குவழிச் சாலையில் இவோக் அலுங்காமல் போகும். நெல்லியாம்பதித் தோட்டங்களின் உட்பாதைக்கோ அங்கேயும் ஜீப்தான். மீண்டும் இடுக்கிப் பக்கம் வந்தால், சூரியநெல்லிவரை சொகுசுக் காரில் வருகிறவர்கூட கொழுக்குமலைக்கு ஜீப்பில் மாறித்தான் ஏறுகிறார்.

இவோக்கால் மலையேற முடியாது என்று நான் சொல்லவில்லை. நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டி அது, 60 செ.மீ. தண்ணீரிலும் இறங்கும். ஆனால் பக்கக் கண்ணாடிகளோடு ஏறக்குறைய 2.1 மீட்டர் அகலம். 60 லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கியவர் அதைப் பாறை உரசும் தடத்தில் விடுவாரா? 'ஜீப்பும் வெளிநாட்டிலிருந்து வந்ததுதானே' எனலாம். உண்மைதான். அமெரிக்கப் படைக்காக உருவான வில்லிஸ் ஜீப்பை மஹிந்திரா 1940-களின் இறுதியில் இங்கே பூட்டத் தொடங்கியது. மேடுபள்ளம் தாங்க வேண்டும், பாரம் இழுக்க வேண்டும், கைக்குக் கிடைத்த ஸ்பேனரை வைத்துச் சரிசெய்ய வேண்டும் என்று ராணுவம் கேட்டதெல்லாம் மலைக்காரர்களுக்கும் வேண்டியிருந்தது. போடியில் ஒரு சின்னப் பட்டறைகூட அதைப் பிரித்துப் பூட்டிவிடும். கெடுதல் என்னவென்றால், உழைப்பாளிகள் ஏறும் பழைய ஜீப்புகளில் பாதுகாப்பும் அந்தக் காலத்திலேயே நின்றுவிட்டது. வளைவில் சறுக்காமல் பிடித்துக்கொள்ளும் மின்னணுக் கட்டுப்பாடும் காற்றுப் பைகளும் உல்லாசத்துக்கு மலையேறுகிறவருக்கு. கூலிக்கு ஏறும் பெண்ணுக்கு வெறும் பெஞ்சு. 'கூலியாட்கள் போகும் வண்டிக்கு இதெல்லாம் கட்டுப்படியாகாது' என்ற வாதத்தையும் நான் ஏற்கமாட்டேன். ஒரு காலத்தில் விலையுயர்ந்த கார்களில் மட்டும் இருந்த ஏபிஎஸ் பிரேக், 2019 ஏப்ரல் முதல் எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயமானது. கார் விற்பனை ஒன்றும் படுத்துவிடவில்லை. 'பஸ் விட்டால் போதுமே' என்பவர்கள், மெட்டைத் தாண்டித் தோட்டத்துக்குள் போகும் தடத்தை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

செங்கல்பட்டு அருகே மஹிந்திராவுக்குப் பெரிய ஆராய்ச்சி மையம் இருக்கிறது. டாடாவோ பனப்பாக்கத்துக்கு வந்துவிட்டது. வரையத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. இப்படி ஒரு வண்டி வேண்டும் என்று கேட்பதற்குத்தான் ஆளில்லை. தமிழக, கேரள அரசுகள் சேர்ந்து கேட்கட்டும்: பத்துப் பன்னிரண்டு பேர் முன்பக்கம் பார்த்து உட்காரும் இருக்கைகள், ஒவ்வொன்றுக்கும் பெல்ட், கவிழ்ந்தாலும் நசுங்காத கூண்டு, மலைப் பட்டறையிலேயே முடிகிற பழுதுவேலை. பழைய ஜீப்பைக் கொடுத்துவிட்டு அதை வாங்குபவருக்குச் சாலை வரியையும் தள்ளுபடி செய்யலாம். இரண்டு முதல்வர்களும் அடுத்த முறை முல்லைப் பெரியாறு பற்றிப் பேச உட்காரும்போது, இந்த ஜீப்புகளையும் பேச்சுக்கு எடுத்துக்கொள்ள வேண்டும்.