தமிழ் வினாத்தாளுக்கும் எல்லைக்கோடா?

திருவனந்தபுரம் மாவட்டத்தில், விதுராவைக் கடந்து அகத்தியர் மலைக்குச் செல்லும் வழியில் உள்ளது போனக்காடு. வெள்ளையர் காலத்தில் தேயிலைத் தோட்டத்துக்குக் கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளர்களின் வழித்தோன்றல்கள் அங்கு வாழ்கின்றனர். தொழிற்சாலை மூடிக்கிடக்கிறது. கூலியும் பணிக்கொடையும் நிலுவையில் விழுந்தன. லயங்கள் இடிந்துவருகின்றன. அந்த லயத்தில் பிறந்த ஒரு பிள்ளை மருத்துவராக விரும்பினால் என்ன நேரும்?

நீட் தேர்வு 13 மொழிகளில் நடத்தப்படுவதாக ஒன்றிய அரசு பெருமை பேசுகிறது. ஆனால், மாநில மொழி வினாத்தாள் அந்தந்த மாநிலத் தேர்வு மையங்களில் மட்டுமே தரப்படும் என்பது விதி. ஆங்கிலமும் இந்தியும் நாடெங்கும் கிடைக்கும். கேரள மையங்களில் மலையாளம் உண்டு, தமிழ் இல்லை. கேரளத்தில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வைத் தமிழில் எழுதலாம். மாநிலம் ஏற்றுக்கொண்ட மொழிச் சிறுபான்மை உரிமை, ஒன்றியத்தின் தேர்வுக்கூட வாயிலில் பறிபோகிறது. இது போனக்காட்டோடு முடிவதன்று. மூணாறு, பீர்மேடு, நெல்லியாம்பதி ஆகிய தோட்டப் பகுதிகளின் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் இதே கதிதான்.

தமிழ்நாட்டு மையம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து எழுதலாமே என்பர் சிலர். பயணச் செலவும், முன்னாள் இரவே சென்று தங்கும் செலவும், துணைக்கு வருபவர் இழக்கும் கூலியும் யார் கணக்கு? தாய்மொழியில் எழுதுவதற்கு ஏழைமீது மட்டும் விதிக்கப்படும் வரி அல்லவா இது?

தமிழ் வினாத்தாள் கிடைத்தவர்களும் காப்பாற்றப்படவில்லை. 2018 தேர்வின் தமிழ் வினாத்தாளில் 49 வினாக்களின் மொழிபெயர்ப்பில் பிழைகள் இருந்தன. தோழர் டி.கே.ரங்கராஜன் தொடுத்த வழக்கில், வினாவுக்கு 4 வீதம் 196 மதிப்பெண் வழங்குமாறு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அவ்வாண்டு ஜூலை 10 அன்று ஆணையிட்டது. சி.பி.எஸ்.இ. மேல்முறையீடு செய்தது. உச்ச நீதிமன்றம் அவ்வாணையை முதலில் நிறுத்திவைத்து, நவம்பரில் ரத்து செய்தது. ஐயம் எழுந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது என்ற விதி வாரியத்துக்குக் கேடயமாயிற்று. 180 வினாக்களுக்கு 180 நிமிடம் என்ற தேர்வில், இரு மொழிகளையும் ஒப்புநோக்க மாணவருக்கு ஏது நேரம்? கலைச்சொல் ஒன்று பிறழ்ந்தால் வாக்கியம் முழுவதும் பிறழும் என்பதை மொழிபெயர்ப்புப் பணியில் இருப்போர் நன்கறிவர்.

குறை தமிழினுடையதன்று. 19ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிறீன் மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார். அன்று ஒரு சிறு குழுவினருக்கு இயன்றது, இன்று ஒன்றிய அரசுக்கு இயலாதா? இயலாமையன்று, அக்கறையின்மையே காரணம்.

மொழித்தடை நீங்கினாலும் வர்க்கத்தடை நிற்கும். நீதிபதி ஏ.கே.ராஜன் குழு 2021இல் அளித்த அறிக்கையின்படி, தமிழ்நாட்டில் மருத்துவ இடம் பெற்றோரில் முந்தைய ஆண்டுகளில் பள்ளிப் படிப்பை முடித்து மீண்டும் முயன்றவர்களின் பங்கு, நீட்டுக்கு முன் 12.47 விழுக்காடு, 2020-21இல் 71.42 விழுக்காடு. ஓராண்டோ ஈராண்டோ வருமானமின்றிக் காத்திருந்து, பயிற்சி மையங்களுக்குப் பணம் கட்ட வல்ல குடும்பங்களே இன்று போட்டியில் நிற்க முடிகிறது. கூலி நின்றுபோன லயத்தில் அந்த ஓராண்டை யார் கொடுப்பார்?

நீட் விலக்கு தமிழ்நாட்டின் தனிக் கோரிக்கை என்ற எண்ணம் நம் அணிகளிலும் உண்டு. தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2021இல் நிறைவேற்றிய விலக்கு மசோதாவுக்கு ஒப்புதல் மறுக்கப்பட்டதாக 2025 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. ஒரு மாநிலத்தின் ஒருமித்த குரலை மறுப்பது ஒன்றிய அரசுக்கு எளிதாக இருந்தது. மேலும், அந்த மசோதா வென்றிருந்தாலும் போனக்காட்டுப் பிள்ளைக்கு விலக்குக் கிடைத்திராது. ஆகவே, நீட் ஒழிப்பை அகில இந்தியக் கோரிக்கையாக உயர்த்துவது நம் கடமை.

அதுவரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. தமிழ் பேசும் மக்கள் செறிந்து வாழும் கேரள மாவட்டங்களின் தேர்வு மையங்களில் தமிழ் வினாத்தாள் வேண்டும். பிழையான வினாவுக்கு மாணவர் தண்டிக்கப்படலாகாது. தோட்டப் பகுதிப் பிள்ளைகளுக்கு அரசுச் செலவில் தங்கிப் பயிலும் பயிற்சி வேண்டும். இரு மாநில மாணவர் அமைப்புகளும் தோட்டத் தொழிற்சங்கங்களும் இணைந்து இக்கோரிக்கைகளை எழுப்ப வேண்டும். கூலி நிலுவைக்காகப் போராடும் சங்கம், அத்தொழிலாளியின் பிள்ளைக்குரிய வினாத்தாளுக்காகவும் போராடுவதே முறை.